எதிரில் யாரும் வரவில்லை

என் முதல் நாவலுக்குத் தொண்ணூற்றாறு பக்கங்கள். முதல் எண்பது பக்கங்களை இன்றைக்கும் யாரிடமும் தைரியமாகக் கொடுத்துப் படிக்கச் சொல்வேன். கடைசிப் பதினாறு பக்கங்களைப் படித்தவர்கள் என்னைத் திட்டினார்கள். திட்டியவர்கள் பக்கம்தான் நியாயம் இருந்தது. அதை ஒத்துக்கொள்ள எனக்கு வயதாக வேண்டியிருக்கவில்லை. புத்தகம் கடைக்கு வந்த மூன்றாம் நாளே ஒத்துக்கொண்டேன். ஒத்துக்கொண்டு சும்மா இருந்தேனா என்றால், இல்லை. அந்தக் கதையைத்தான் எழுதப் போகிறேன்.

எண்பதுகளின் தொடக்கம். திருவண்ணாமலையில் தேரடித் தெருவை ஒட்டிய ஒரு சந்தில், மாடியில், ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் இருந்தது. அங்கே நான் தமிழ் டைப்பிங் சொல்லிக்கொடுத்தேன். எனக்கு இருபத்துநாலு வயது. வீட்டில் அம்மாவும் நானும் மட்டும். இன்ஸ்டிடியூட் ஓனரை எல்லோரும் ‘சார்’ என்போம். அம்பது வயதுக்காரர். மாணவர்கள் அடித்த தாளில் தப்புகளைச் சிவப்புப் பென்சிலால் சுழித்து எண்ணுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. ஒரு ஒற்றுக்கூட அவர் கண்ணுக்குத் தப்பாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் மலை சுற்றுவதையும் அவர் தப்பவிட்டதில்லை. மழை என்றும் பார்க்கமாட்டார், காய்ச்சல் என்றும் பார்க்கமாட்டார்.

மதியம் ஒன்றிலிருந்து மூன்று வரை பேட்ச் கிடையாது. சார் வீட்டுக்குச் சாப்பிடப் போய்விடுவார். பன்னிரண்டு மெஷின்களும் உறை போட்டுக்கொண்டு தூங்கும். அந்த இரண்டு மணி நேரத்தில்தான் நான் நாவல் அடித்தேன். கையால் எழுதிப் பிறகு அடிப்பதெல்லாம் இல்லை, நேராக மெஷினில்தான். மெட்ராஸில் மாதம் ஒரு நாவல் போடும் பதிப்பகங்கள் பெருகியிருந்த காலம். பஸ் ஸ்டாண்ட் கடைகளில் அவை கொடியில் துணி மாதிரி தொங்கும். அதில் ஒன்று என்னுடையதாகத் தொங்க வேண்டும் என்று எனக்கு ஆசை. ஆசை என்று சொல்வது கம்மி. வெறி.

ஒரு நாள் சார் சீக்கிரமே வந்துவிட்டார். மேஜையில் இருந்த என் தாள்களை எடுத்துப் படித்தார். பழக்கதோஷத்தில் கையில் சிவப்புப் பென்சில் வேறு. 

“மூணு எடத்துல சந்திப் பிழை,” என்றார். பிறகு தாளைப் புரட்டினார். அடுத்த தாள் இல்லை. “அப்புறம் இன்னாம்மா ஆச்சு?”

அந்த ஒரு கேள்விக்காக எத்தனை மதியத் தூக்கத்தை வேண்டுமானாலும் விடலாம்.

நாவலின் கதை இதுதான். ஒரு ரைஸ்மில் முதலாளி செவ்வாய்க்கிழமை காலை மலை சுற்றக் கிளம்புகிறார். கொஞ்சம் பின்னால், முகம் தெரியாத ஒருவன் அவரைத் தொடர்கிறான். மலையின் பின்பக்கம், அடி அண்ணாமலையைத் தாண்டி ஒரு குளக்கரையில் முதலாளி செத்துக் கிடக்கிறார். அங்கிருந்து ஊர் திரும்பும் வழியில் ஒரு தண்ணீர்ப் பந்தல். அதில் ஆறு பேர் விடியற்காலையிலிருந்து உட்கார்ந்திருக்கிறார்கள். பந்தலைக் கடந்த ஒவ்வொரு ஆளையும் அவர்களால் சொல்ல முடிகிறது. கொலைகாரன் கடக்கவில்லை. சாலைக்கு ஒரு பக்கம் அறுவடை முடிந்த வெட்டவெளி வயல், அதில் ஆட்கள். இன்னொரு பக்கம் மலைச்சரிவு, அதில் ஆடு மேய்ப்பவர்கள். அவர்கள் கண்ணிலும் யாரும் படவில்லை. உள்ளே போனவன் வெளியே வரவில்லை. தேடினால் உள்ளேயும் இல்லை.

சாருக்கு இது பிடித்துப்போனது மட்டுமில்லை, அடுத்த வாரமே ஹையர் பேட்ச் மாணவர்களுக்கு இதையே ஸ்பீடு பயிற்சிக்குக் கொடுத்துவிட்டார். அதுவரைக்கும் அவர்கள் அடித்துக்கொண்டிருந்தது பயிர்ப் பாதுகாப்பு பற்றிய கட்டுரை. கொலை என்றதும் எல்லோருக்கும் வேகம் கூடிவிட்டது. ஒரு மாதத்தில் நாற்பது பேர் என் நாவலைப் பத்து விரலாலும் படித்து முடித்திருந்தார்கள். படிக்கட்டில் இறங்கும்போது, சைக்கிளை எடுக்கும்போது, பேச்செல்லாம் இதே பேச்சு. எப்படித் தப்பித்தான்? கிணற்றுக்குள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தான் என்றான் ஒருவன். பந்தலில் இருந்த ஆறு பேரும் கூட்டு என்றாள் ஒருத்தி. நான் ஒன்றும் தெரியாதவள் மாதிரி ரிப்பன் மாற்றிக்கொண்டிருப்பேன். உள்ளுக்குள் தலைகால் புரியவில்லை.

என்னுடைய முடிவில் அவன் சாமியார் வேஷத்தில் பந்தலைக் கடந்து போய்விடுகிறான். அது சுமாரான முடிவு என்று எனக்கே தெரியும். ஆனாலும் அனுப்பினேன். மெட்ராஸிலிருந்து எடிட்டரின் கடிதம் வந்தது.

கரு பிரமாதம் என்று எழுதியிருந்தார். முடிவு சொத்தை, வேறு யோசியுங்கள் என்று எழுதியிருந்தார். அதற்குக் கீழே ஒரு கேள்வி: “கொலைகாரன் வந்த வழியே திரும்பிப் போயிருக்கலாமே? அதைப் பற்றிக் கதையில் ஒரு வரிகூட இல்லையே, ஏன்?” இரண்டையும் பதினைந்து நாளில் சரிசெய்து அனுப்பினால் புத்தகம் வரும், நன்றாகப் போனால் தொடர்ந்து எழுதலாம் என்று முடித்திருந்தார்.

கடிதத்தை மூன்று முறை படித்தேன். வந்த வழியே திரும்பிப் போவதா? எனக்கு அது தோன்றவே இல்லை. நாற்பது மாணவர்களுக்கும் தோன்றவில்லை. ஒற்றைக்கூட விடாத சாருக்கும் தோன்றவில்லை.

வெளியூர்க்காரர்களுக்கு இதைச் சொன்னால் சிரிப்பார்கள். எங்கள் ஊரில் பிறந்தவர்களுக்கு, நடக்கும்போது மலை வலது கைப் பக்கம்தான் இருக்க வேண்டும். கிளம்பினால் முழுதாகச் சுற்றித்தான் வீடு. பாதியில் திரும்புவது என்ற ஒன்று எங்கள் கால்களுக்குத் தெரியாது. என் சித்தி ஒரு தடவை மூன்றாவது மைலில் ஒரு மண்டபத்தில் குடையை மறந்து வைத்துவிட்டு, கொஞ்ச தூரம் தள்ளி ஞாபகம் வந்து நின்றாள். திரும்பி நடந்தால் ஐந்து நிமிஷம். அவள் திரும்பவில்லை. மிச்சம் ஐந்து மைலையும் நடந்து ஊர் சேர்ந்து, காப்பி குடித்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து மூன்று மைல் நடந்து போய்க் குடையை எடுத்தாள். எடுத்த பிறகு திரும்ப முடியாதே, இரண்டாவது சுற்றையும் முடித்தாள். வீட்டில் யாரும் இதை விசித்திரமாக நினைக்கவில்லை. குடை கிடைத்ததா என்று மட்டும் கேட்டோம்.

சாரிடம் கடிதத்தைக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

“திரும்பிப் போறதுன்னா? எப்படிம்மா திரும்புவான்?”

“கால் இருக்கே சார்.”

“அது சரி. இருந்தாலும் பாதியில போயி…” என்று இழுத்தார். கொலை செய்கிற ஆளாக இருந்தாலும் அந்தப் பாவத்தைச் செய்வானா என்பது அவர் சந்தேகம்.

அன்றைக்கே எனக்கு ஒன்று தெளிவாகத் தெரிந்தது. ஒரு நாள் காலையில் நானே மலையை இடமாகச் சுற்றி நடந்து பார்க்க வேண்டும். எதிரில் வருகிறவர்கள் என்ன செய்கிறார்கள், என்ன கேட்கிறார்கள், யார் பார்க்கிறார்கள், யார் பார்க்கவில்லை என்று தெரிந்தால் முடிவு தானாகக் கிடைத்துவிடும். வீட்டில் சொன்னேன். அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

“சாவுக்குத்தாண்டி எடமா சுத்துவாங்க,” என்றாள். அவ்வளவுதான். கத்தவில்லை, அழவில்லை. அரிசித் தண்ணீரை வடிக்கப் போய்விட்டாள்.

நான் போகவில்லை. அம்மா தடுத்தாள் என்று பிற்பாடு நிறைய பேரிடம் சொல்லியிருக்கிறேன். அது பொய். அம்மா சொன்னதை மீறி எத்தனையோ செய்திருக்கிறேன். எனக்கே பயமாக இருந்தது, அதுதான் உண்மை. என்ன ஆகிவிடும் என்று கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது. மலைக்கு இடது கையைக் காட்டிக்கொண்டு நடப்பதை நினைத்தாலே வாசற்படி இறங்க மனம் வரவில்லை.

ஆகவே நாற்காலியில் உட்கார்ந்தபடியே வேலையை முடித்தேன். எடிட்டர் திறந்து காட்டிய வழியை முதலில் அடைத்தேன். கொலை நடந்த காலையில் முதலாளிக்குப் பின்னால் நடந்து வந்தவர்கள் இருபத்தேழு பேர். போலீஸ் அதிகாரி ஒவ்வொருவரிடமும் “எதிரில் யாராவது வந்தார்களா?” என்று கேட்கிறார். இருபத்தேழு பேரும் “எதிரில் யாரும் வரவில்லை” என்கிறார்கள். நல்ல அத்தியாயம் அது. படித்தால் இப்போதும் முடிச்சு இறுகுவது தெரியும். அப்படி இறுக்கிய பிறகுதான் கொலைகாரன் வெளியே போக ஒரு வழியும் மிச்சமில்லை என்பது எனக்கு உறைத்தது. பதின்மூன்று நாள் ஓடிவிட்டிருந்தது. ஒரு சுரங்கப் பாதையைத் தோண்டினேன். குளக்கரையில் ஒரு பாறை, பாறையை நகர்த்தினால் படிக்கட்டு, படிக்கட்டில் இறங்கினால் நேராக ஊருக்குள் ஒரு பாழடைந்த மண்டபம். பதினாறு பக்கம். தபாலில் சேர்த்துவிட்டு வந்து தலைவலி என்று படுத்துக்கொண்டேன்.

புத்தகம் வந்தது. பஸ் ஸ்டாண்ட் கடையில் தொங்கியது. முதல் இரண்டு நாள் அதைத் தூரத்தில் நின்று பார்ப்பதற்காகவே பஸ் ஸ்டாண்ட் வழியாக வீட்டுக்குப் போனேன். மூன்றாம் நாள் மாணவர்கள் படித்து முடித்திருந்தார்கள்.

“என்னாக்கா, சுரங்கமா?” என்றாள் பேட்சிலேயே வேகமாக அடிக்கிற பெண். கோபமாகக்கூட இல்லை. அவள் குரலில் இருந்தது ஏமாற்றம். கீழ்பென்னாத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து அடிக்கும் பையன் ஒருவன், அவன் மாமா அந்தப் பக்கம் சின்ன வயதிலிருந்து ஆடு மேய்ப்பதாகவும் அப்படி ஒரு பாறையே கிடையாது என்றும் சொன்னான். சார் மறுநாள் ஸ்பீடு பயிற்சிக்குப் பழையபடி பயிர்ப் பாதுகாப்புக் கட்டுரையை எடுத்து வைத்தார். அவர் திட்டியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

எடிட்டரிடமிருந்து ஒரு கட்டு வந்தது. வாசகர் கடிதங்கள். எல்லாம் ஒரே பாட்டு: ஆரம்பம் அருமை, முடிவு ஏமாற்று. மேலே எடிட்டரின் சீட்டு: “இப்போதைக்கு உங்களிடமிருந்து அடுத்த நாவல் வேண்டாம்.”

வேறு பதிப்பகத்துக்குப் போகலாம் என்று சமாதானம் சொல்லிக்கொள்ள முடியவில்லை. எங்கே போனாலும் இந்தப் புத்தகத்தைத்தான் எடுத்துப் புரட்டுவார்கள். நன்றாகத் தொடங்கி முடிக்கத் தெரியாதவள் என்று ஒரு பெயர் விழுந்துவிட்டால் அது ஒட்டிக்கொள்ளும். அது நியாயமான பெயரும்கூட. ஒரு ராத்திரி அழுதேன். காலையில் எழுந்தபோது அழுகை போய் ஆத்திரம் வந்திருந்தது, அதுவும் என் மேலேயே. புத்தகம் எழுதத் தெரியாமல் நான் தோற்கவில்லை. எட்டு மைல் நடக்கப் பயந்து தோற்றேன். சரியான முடிவு அந்தச் சாலையில்தான் எங்கேயோ கிடக்கிறது. அதை எடுத்து எழுதி எடிட்டருக்கு அனுப்ப வேண்டும். அச்சிட்டது அச்சிட்டதுதான், அதை மாற்ற முடியாது. ஆனால் போட்ட முடிச்சை எனக்கு அவிழ்க்கத் தெரியும் என்று அந்த ஆளுக்குக் காட்டாமல் நான் விடுவதாக இல்லை.

“ஞாயித்துக்கிழமை போறேன்மா. எடமாத்தான் போறேன்,” என்றேன்.

அம்மா, “வெறும் வயித்துல போவாத,” என்று மட்டும் சொன்னாள்.

காலை ஆறு மணிக்கு ஈசான்ய லிங்கத்துப் பக்கமாகக் கிளம்பினேன். எல்லோரும் வந்து முடிக்கிற இடம் அது. மலை இடது கைப் பக்கம். என் ஊரே எனக்குப் புதுசாக இருந்தது. எந்த மரத்துக்குப் பிறகு எந்தக் கிணறு வரும் என்று தெரிந்த சாலையில் எல்லாம் முன்னுக்குப் பின்னாக வந்தது. மலையும் வேறு மலை மாதிரி தெரிந்தது.

முதல் ஆள் ஒரு பர்லாங்கில் நிறுத்தினார். டீக்கடைக்காரர். “எம்மா, இந்தப் பக்கமா போறியே, வழி தெரியலையா?” தெரியும் என்றேன். பின்னாலேயே நாலு அடி வந்து மறுபடி சொன்னார். அடுத்து, பாட்டுப் பாடிக்கொண்டு வந்த ஐந்து பெண்கள். பாட்டை நிறுத்திவிட்டு என்னை வழிமறித்தார்கள். கல்யாணம் ஆகவில்லையா, யாராவது இப்படிப் பரிகாரம் சொன்னார்களா என்று விசாரித்தார்கள். மரத்தடியில் இருந்த ஒரு சாமியார் பேசாமல் கையை மட்டும் நீட்டி, திரும்பு என்று காட்டினார். பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்த ஒருவர், “பொண்ணு, சொன்னா கேளு, நல்லதுக்கில்லை,” என்று தன் பிள்ளையின் கண்ணைப் பொத்தினார். இப்படி இரண்டு மைலுக்குள் ஒன்பது தடவை நிறுத்தப்பட்டேன். மானம் போயிற்று. ஆனால் மண்டைக்குள் ஒரு மூலையில் எழுதுகிறவள் துள்ளிக்கொண்டிருந்தாள். எடிட்டர் சொன்னது தப்பு! யாரும் எதிராகப் போக முடியாது. போனால் சாலையில் இருக்கிற அத்தனை பேருக்கும் வருஷக்கணக்கில் ஞாபகம் இருக்கும். என் இருபத்தேழு சாட்சிகளும் சரியானவர்கள்தான். அப்படியானால் கொலைகாரன் எங்கே போனான்? மறுபடியும் சுரங்கத்தின் வாசலில் வந்து நின்றேன்.

குபேர லிங்கத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில், சரிவிலிருந்து ஒரு பெண் விறகுக் கட்டோடு சாலையில் இறங்கினாள். என் வயதுதான் இருக்கும். நான் போகிற பக்கமே அவளும் திரும்பினாள். பக்கத்தில் வந்து என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

“இன்னாம்மா, எதிரா போறே? வேண்டுதலா?”

“இல்லை. ஒரு கதைக்காக.”

“கதைக்காவா!” என்று சிரித்தாள். கட்டு ஆடவில்லை, அவள் மட்டும் சிரித்தாள்.

“நீயும் எதிராத்தானே போற? உன்னை யாரும் நிறுத்தலையா?” என்றேன். அவளிடம் நான் ஒருமையில்தான் பேசினேன். அதையும் சொல்லிவிட வேண்டும்.

“என்னை எதுக்கு நிறுத்தறாங்க? நான் இன்னா சாமியா சுத்தறேன்? செங்கம் ரோட்டு டீக்கடைங்களுக்கு வெறகு போடப் போறேன். தெனம் இதே வழிதான். ஒருத்தர் கேட்டதில்லை.”

நான் நின்றுவிட்டேன். அவள் நாலு அடி போய்த் திரும்பிப் பார்த்தாள்.

எத்தனை வருஷமாக இந்தச் சாலையில் நடக்கிறேன். எதிரில் விறகோடு வந்தவர்கள் எத்தனை பேர் என்று யாராவது கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன்? என் இருபத்தேழு சாட்சிகளையும் நான்தான் படைத்தேன். அவர்கள் சொன்ன பதில் என் பதில்.

“உன் கட்டை நான் கொஞ்ச தூரம் தூக்கிட்டு வரட்டுமா?” என்றேன்.

அவளுக்கு என்னைப் பைத்தியம் என்று முடிவாகிவிட்டது. ஆனாலும் கட்டை இறக்கிப் பிரித்து, பாதியை எனக்கு ஒதுக்கினாள். நானே கட்டிக்கொள்கிறேன் என்று கயிற்றை வாங்கிக் கட்டினேன். அதைப் பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

“இதைத் தூக்கினு போனா எங்க ஆளுங்க அரை பர்லாங்குக்கு முன்னாடியே சொல்லிடுவாங்க, இது வெறகு வெட்டறவ கட்டுன கட்டு இல்லைன்னு.”

“கவனிப்பாங்களா?”

“கவனிக்காம? எங்க வழியில புதுசா ஒருத்தி கட்டு தூக்கினு வந்தா யாரு எவருன்னு பார்க்கமாட்டோமா?” என்று சொல்லிக்கொண்டே என் கட்டை அவிழ்த்து, இரண்டு இழுப்பில் சரியாகக் கட்டினாள். புடவையைத் தூக்கிச் செருகச் சொன்னாள். தலையில் துணியைச் சுருட்டி வைத்து, கட்டை ஏற்றிவிட்டாள். கழுத்து உள்ளே போய்விட்டது என்றுதான் நினைத்தேன்.

நடந்தோம். அவள் முன்னால், நான் பின்னால். சுற்ற வந்தவர்கள் வரிசையாக எதிரில் வந்தார்கள். குடும்பமாக வந்தவர்கள், ஒற்றையாக வந்தவர்கள், சுலோகம் சொல்லிக்கொண்டு வந்தவர்கள். ஒருவரும் நிறுத்தவில்லை. ஒருவரும் வழி தப்பு என்று சொல்லவில்லை. கட்டு உரசிவிடப் போகிறதே என்று ஒதுங்கினார்கள், அவ்வளவுதான். அப்போதுதான் அடி அண்ணாமலைக் கோயில் திருப்பத்தில் வெள்ளை வேட்டியோடு சார் வந்தார்.

 சார் என்னைப் பார்த்தால் என்ன சொல்வது என்று வார்த்தை தேடினேன். சாலை அங்கே குறுகல். முழங்கை இடிக்கும் தூரத்துக்கு வந்துவிட்டார். மூன்று வருஷமாகத் தினமும் பார்க்கிற முகம் என் முகம்.

“ஓரமா போ, ஓரமா போ,” என்றார். கட்டைப் பார்த்துத்தான் சொன்னார். கடந்து போய்விட்டார்.

இன்ஸ்டிடியூட்டில் அவர் என்னிடம் ‘வாங்கம்மா, உக்காருங்கம்மா’ என்று தவிர வேறு மாதிரி பேசியதில்லை. எனக்கு அழுகை வந்தது. அதே நொடியில் சந்தோஷமும் வந்தது, திருட்டுச் சந்தோஷம். இரண்டையும் சேர்த்து அனுபவிக்க விடாமல் கழுத்து வலித்தது. ஒரு மைல் தாண்டி அந்தப் பெண் என் கட்டை வாங்கித் தன்னுடையதோடு சேர்த்துக் கட்டிக்கொண்டாள்.

“கதையில நான் இன்னா, கொலைகாரியா?” என்று கேட்டாள்.

“இல்லை. கொலைகாரனைக் கண்டுபிடிக்கிறதே நீதான்.”

“அப்படின்னா சரி,” என்று சொல்லிவிட்டு வேகமாகப் போய்விட்டாள். கட்டு இல்லாமல் நான் தனியாகப் பத்து நிமிஷம் நடந்திருப்பேன். ஆசிரமத்துப் பக்கம் வாடகை அறையில் தங்கியிருக்கும் வெள்ளைக்காரப் பெண்மணி ஒருத்தி ஓடி வந்து, தெரிந்த நாலு தமிழ் வார்த்தையில், “அம்மா, இந்தப் பக்கம் இல்லை!” என்று என் தோளைப் பிடித்துத் திருப்பிவிட்டாள்.

மறுநாள் மதியம் சார் வந்ததும் கேட்டேன். “சார், நேத்து மலை சுத்தினீங்களே. வழியில எதிர்ல யாராவது வந்தாங்களா? யோசிச்சுச் சொல்லுங்க.”

எதற்கு என்று அவர் கேட்கவில்லை. கதைக்கு என்று புரிந்துகொண்டார். கண்ணை மூடிக்கொண்டார். அவர் யோசித்தால் ஒப்புக்கு யோசிக்கமாட்டார். கோபுரத்திலிருந்து தொடங்கி ஒவ்வொரு லிங்கமாக மனதில் நடந்து வந்தார். எனக்குத் தெரிந்து இரண்டு நிமிஷம் ஆயிற்று.

“ஒருத்தரும் எதிர்ல வரலைம்மா,” என்றார்.

நான் மெஷின் உறையைக் கழற்றினேன். நாலு மதியங்களில் புதிய கடைசி அத்தியாயத்தை அடித்து முடித்தேன். அதிகாரி மறுபடி சாட்சிகளிடம் போகிறார். அவர்கள் நேர்மையாக யோசித்து அதே பதிலைச் சொல்கிறார்கள். அதில் ஒருவர், குறுகலான திருப்பத்தில் ஒரு விறகுக்காரனை “ஓரமா போ” என்று சொன்னவர், அவரும் யாரும் வரவில்லை என்கிறார். கடைசியில் அதிகாரிக்கு, சாலையில் தினமும் எதிராகப் போகிற பெண்களிடம் இதுவரை ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை என்பது உறைக்கிறது. அவர்களில் ஒருத்தி சொல்கிறாள்: “அன்னிக்கு ஒருத்தன் கட்டு தூக்கினு வந்தான். கட்டத் தெரியாத ஆளு.” பிறகு அவன் தப்ப முடியாது. பன்னிரண்டு பக்கம். சுரங்கம் கிடையாது.

முதல் பிரதியை எடிட்டருக்கு அனுப்பினேன். இதை அச்சிட வேண்டாம், படித்தால் போதும் என்று எழுதினேன். கார்பன் பிரதியை அடுத்த திங்கட்கிழமை சாரிடம் கொடுத்தேன். மறுநாள் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். எங்கேயும் சிவப்பு இல்லை.

“இந்த ஓரமா போன்னு சொல்றவரு…” என்று நிறுத்தினார்.

“நீங்கதான் சார். கட்டு என் தலையில இருந்தது.”

அவர் முகம் சுண்டிப்போனது. நான் சொல்லியிருக்க வேண்டாமோ என்று அன்றைக்கு முழுக்க மனது அடித்துக்கொண்டது. ஆனால் சொல்லாமல் விட்டால் அது இன்னொரு சுரங்கமாகத்தான் இருக்கும். அந்த வாரம் முழுக்க அவர் என்னிடம் பேட்ச், ரிப்பன், பரீட்சைக் கட்டணம் தவிர வேறு எதுவும் பேசவில்லை.

சனிக்கிழமை எடிட்டரின் கார்டு வந்தது. “முடிவு சரி. வந்த புத்தகத்தை இனி ஒன்றும் செய்ய முடியாது. அடுத்த நாவலை மூன்று மாதத்தில் அனுப்புங்கள். இந்தத் தடவை முதலில் நடந்து பார்த்துவிட்டு எழுதுங்கள்.” நான் நடந்து பார்த்தது அவருக்கு எப்படித் தெரியும் என்று யோசித்தேன். படித்தாலே தெரிந்திருக்கும். சாரிடம் காட்டலாமா என்று நினைத்து, வேண்டாம் என்று பையிலேயே வைத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை காலை முதல் பேட்ச் தொடங்கியிருந்தது. பன்னிரண்டு மெஷினும் ஒரே இரைச்சல். சார் படியேறி வந்தார். நாற்காலிக்குப் போகாமல் என் மேஜைக்கு வந்து நின்றார். அந்த இரைச்சலில் எனக்குக் கேட்க வேண்டும் என்று குனிந்து சொன்னார்.

“நேத்து மலை சுத்தினேன்மா. எதிர்ல பதினோரு பேர் வந்தாங்க.”